பின் இருக்கை

இருபத்திரண்டு கோடைகள்
அல்வானியிலிருந்து ஓமலோவுக்கு
டெலிகா வேன் ஓட்டியிருக்கிறேன்.
ஒருமுறைகூட எனக்குக் குமட்டியதில்லை.
குமட்டுகிறவர்களைப் பார்த்துக்
கண்ணாடியில் கண்ணடிப்பேன்.
ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை.
மலையுச்சி போனதும் மிச்சத்தை எண்ணுவேன்.
நான் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பதற்கு
என்னிடம் இருந்த ஒரே கணக்கு அது.

நானூலிக்கு மட்டும் இரண்டு பை.
தபால் அலுவலகத்துக்காரி.
ஜூனில் மேலே, அக்டோபரில் கீழே,
இரண்டு தடவையும் மூன்றாவது வளைவிலேயே
ஆரம்பித்துவிடுவாள்.
"வயிறா அது, தயிர் கடைகிற பானையா?"
வண்டி முழுக்கக் கேட்கும்படி கேட்டிருக்கிறேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்,
பையின் வாயைச் சுருட்டி முடிச்சுப் போட்டபடி.

இந்த மே மாதம்
ஆட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தேன்.
காறை எலும்பு இரண்டு துண்டு.
சாவியை லமாரா எடுத்துக்கொண்டாள்,
என் மனைவி, பால் லாரி ஓட்டிப் பழகிய கை.
முன் இருக்கை கால்நடை மருத்துவருக்கு;
அவர் மடியில் தடுப்பூசிப் பெட்டி.
எனக்குப் பின்னால், கடைசி வரிசை,
நானூலி பக்கத்தில்.

"கியரைக் குறை."
"ஹாரன் அடி, இங்கே மாடு நிற்கும்."
"இடப்பக்கம் மண் இளகியிருக்கும், பார்த்து."
நான்கு வளைவு பொறுத்தாள் லமாரா.
ஐந்தாவதில், திரும்பாமலே,
"வாயை மூடிக்கொண்டு வா" என்றாள்.
மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான்.
முதலில் காதுமடல் சில்லிட்டது.
நாக்குக்கு அடியில் உப்புத்தண்ணீர்.
ஜன்னலில் ஸ்தோரி ஆறு
ஒருசமயம் இந்தப் பக்கம், ஒருசமயம் அந்தப் பக்கம்.
என் வயிறு
வண்டிக்கு அரை வளைவு தாமதமாக
வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

நானூலி ஒன்றும் சொல்லவில்லை.
அவளுடைய இரண்டாவது பையை
என் நல்ல கையில் வைத்தாள்.
பிறகு கைக்குட்டையைப் பிரித்து
தோல்போலக் காயவைத்த புளிப்புப் பிளம்,
த்க்லாப்பி, ஒரு கிழிசல் தந்தாள்.
"மெல்லாதே. கன்னத்தில் ஒதுக்கிக்கொள்."

எலுமிச்சை முகர்ந்திருக்கிறாளாம்.
செப்புக்காசை நாக்கடியில் வைத்திருக்கிறாளாம்.
வயிற்றில் செய்தித்தாள் கட்டி,
வெறும் வயிற்றோடு, வெறும் ரொட்டியோடு,
கண்ணை மூடி, திறந்து.
"எதுவும் முழுசாய்க் கேட்கவில்லை.
ஆனால் ஒவ்வொன்றும்
ஒரு வளைவுக்குக் கேட்டது."

த்க்லாப்பி இரண்டு வளைவுக்குக் கேட்டது.

உருண்டு போனவர்களின் பெயர் வெட்டிய கல் அருகே
லமாரா நிறுத்தினாள்.
வழக்கமாக நான் அங்கே ஒரு மிடறு சாச்சா ஊற்றுவேன்.
இம்முறை ஊற்றியது வேறு.
கல்லுக்குத் தள்ளித்தான், சத்தியமாக.
பெயர்களிடம் மன்னிப்புக் கேட்டு
ஈரக்கையால் முகம் துடைத்து ஏறினேன்.

அபானோவுக்குக் கீழே பனி வந்து
கண்ணாடியில் அப்பியது.
விளக்குப் போட்டால் பால், அணைத்தால் சாம்பல்.
லமாரா வேகம் குறைத்தாள்.
தொண்டையைச் செருமினாள்.
"சரி, சொல்."

"வலது. நல்ல ஒடுக்கம்.
அது முடிந்ததும் ஒரு குழி.
இடது, நீளம், அவசரப்படாதே.
தண்ணீர் குறுக்கே ஓடும்.
இப்போது வலது."

நான் சொல்லி முடித்த பிறகு வந்த வளைவு
என்னை ஒன்றும் செய்யவில்லை.
சொன்ன இடத்தில் வயிறு முன்பே போய்
வண்டிக்காகக் காத்திருந்தது.

பக்கத்தில் நானூலி
உதடசைத்துத் தானும் சொல்லிக்கொண்டு வந்தாள்:
வலது, குழி, இடது.
அவளுடைய பை மடித்தது மடித்தபடி
மடியில் கிடந்தது.

கணவாய்க்கு மூன்று வளைவு இருக்கையில்
என் பக்கம் திரும்பினாள்.
"இருபத்திரண்டு வருஷமும்
இதை உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டா
ஓட்டினாய்?"

வலது, என்றேன்.
கொஞ்சம் சத்தமாக.